‘இருந்தாலும்’ என்ற சொல் நமக்கு வேண்டாம்

(தோட்டத்து யுவதிகளும் இளைஞர்களும் சேர்ந்து சஞ்சிகை ஒன்றைத் தொடங்கவிருப்பதை முன்னிட்டு, மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கிற நாள், விறகு எடுக்கிற நாள். அந்த வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நம்ம புள்ளைங்க நாலு பேர் என் வீட்டுக்கு வந்தாங்க. ‘டீச்சர், நாங்க ஒரு சஞ்சிகை போடப் போறோம். முதல் இதழ் அழகைப் பற்றி. இயற்கையான தோல், எல்லா நிறமும் அழகு, இதுதான் தலைப்பு. அட்டைப்படம் செஞ்சுட்டோம், பாருங்க’ என்று ஒரு கடதாசியை விரித்துக் காட்டினார்கள். எனக்கு ரொம்பச் சந்தோசம். ஆனால் படத்தைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். கலண்டரிலிருந்து ஒரு சினிமா நடிகையின் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பால் மாதிரி வெள்ளை முகம். முதுகில் மட்டும் நம்ம கொழுந்துக் கூடை வரைந்திருந்தது. மேலே பெரிய எழுத்தில், ‘கறுப்பாக இருந்தாலும் நாமும் அழகுதான்’ என்று எழுதியிருந்தது.

‘இது யாரும்மா?’ என்று கேட்டேன். ‘சும்மா அழகுக்கு வச்சோம் டீச்சர்’ என்றார்கள். ‘ஏன், உங்க அம்மா படத்தைப் போட்டா என்ன?’ என்று கேட்டேன். அதில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: ‘அம்மா கறுப்பு டீச்சர். போட்டோவுல முகம் தெரியாது.’

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை அது எங்கே கேட்டது? நம்ம வாயிலிருந்துதான் கேட்டது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் ‘சுகப்பிரசவமா?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘என்ன நிறம்?’ என்று கேட்கிறோம். பெண் பார்க்கப் போய் வந்து, ‘கறுப்பா இருந்தாலும் புள்ள களையா இருக்கு’ என்று சொல்கிறோம். நல்லதைத்தான் சொல்வதாக நினைக்கிறோம். ஆனால் அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளே, கறுப்பு என்பது ஒரு குறை, அதை மன்னித்துவிட்டோம் என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. ‘சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. நான் செய்த பிழையைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மூத்த மகள் என்னைப் போலவே நல்ல கறுப்பு. சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் ‘கறுப்பாயி’ என்று செல்லமாகத்தான் கூப்பிட்டோம். அவளுக்குக் கலியாணம் பேசின நேரத்தில் இரண்டு இடம் தட்டிப் போனது. காரணம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அப்போது யாரோ சொன்னார்கள் என்று டவுனுக்குப் போய் ஒரு சின்ன டப்பா கிரீம் வாங்கி வந்தேன். அதில் செய்த இடம் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற விபரம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. அதை வாங்கியதும் நான்தான். ‘இரவில பூசிக்க’ என்று அவள் கையில் கொடுத்ததும் நான்தான்.

ஒரு மாதத்தில் முகம் வெளுத்தது. லயமே அதிசயப்பட்டது. ‘என்ன போடுறீங்க?’ என்று என்னிடம் கேட்டார்கள், நானும் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் மாதம் முகம் முழுக்கப் பரு. கன்னத்தில் பூனைமயிர் கறுத்து வளர்ந்தது. வெயிலில் நின்றால் நெருப்புப் பட்ட மாதிரி எரிச்சல். கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவந்து வீங்கியது. பயந்துபோய்த் திரும்பப் பூசினாள். கடைசியில் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதுக்குள்ள ஸ்டீரொயிட் இருக்கணும் அம்மா. தோல் மெலிஞ்சு போச்சு’ என்றார். இப்போது பரு ஆறிவிட்டது. ஆனாலும் கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள் இன்னும் தெரிகின்றன. பிறகு எத்தனை கலியாணம், எத்தனை திருவிழா! என் மகள் ஒரு போட்டோவுக்கும் வந்து நிற்பதில்லை.

அதனால் இந்தச் சஞ்சிகையை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. இதில் என்ன எழுத வேண்டும், எந்தப் படம் போட வேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒவ்வொரு அக்காமாரும் உங்கள் விரல் நுனியைப் பாருங்கள். கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்திருக்கிறது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போவதில்லை. ஏன்? கொழுந்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. இலை நசுங்கி காற்றுப் பட்டதும், இலையிலேயே இருக்கிற ஒரு நொதியம் அந்தச் சத்தைக் கறுக்க வைக்கிறது. பெக்டரியில் கொழுந்தை வாட வைத்து, ரோலரில் போட்டு, பரப்பி வைக்கும்போது பச்சை இலை செம்பு நிறமாகி, தேயிலையாக மாறுவதும் இதே காரணத்தால்தான். ‘ஐயோ, கறுத்துப் போச்சே’ என்று யாரும் அந்தத் தேயிலையைக் கொட்டுவதில்லை. அந்த மாற்றத்தில்தான் நிறமும் ருசியும் வருகிறது.

நம் தோலில் நிறம் உண்டாவதும் ஏறக்குறைய அதே மாதிரித்தான். தோலுக்குள் நிறத்தை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு நொதியம் மெலனின் என்ற நிறமியைச் செய்கிறது. தேயிலையைக் கறுக்க வைக்கும் நொதியமும் இதுவும், இரண்டும் செம்புச் சத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இன்னொன்றையும் கேளுங்கள். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் தோலில் அவை கூடுதலாக நிறமி செய்கின்றன, இன்னொருவர் தோலில் குறைவாகச் செய்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நிறமி சும்மா இருப்பதில்லை. தோல் செல்லின் கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி நின்று வெயிலின் தாக்கத்தைத் தடுக்கிறது. மழைக்குக் கொங்காணி எப்படியோ, வெயிலுக்கு இது அப்படி. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்குப் 10 கூடுகிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குளிர் இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. மெல்லிய முகிலைத் தாண்டியும் அந்தக் கதிரில் பெரும்பங்கு இறங்கிவிடும். மலையில் நாள் முழுக்க நிற்கிற நமக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பைத்தான் காசு கொடுத்துச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறோம். அதற்காக, கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றுமே செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். தலைத்துணியும் தொப்பியும் எல்லோருக்கும் வேண்டும்.

குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று கடன் வாங்கி வாங்குபவர்களும் உண்டு. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழி வருவது. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கிக் கொடுங்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் உதவும்.

டப்பாவுக்குள் என்ன?

வெள்ளையாக்கும் கிரீம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆனால் விபரம் எழுதாத டப்பாவில் இரண்டு ஆபத்து இருக்கலாம்.

ஒன்று ஸ்டீரொயிட். இது நல்ல மருந்துதான். சில தோல் வியாதிகளுக்கு வைத்தியர் அளவோடு, கொஞ்ச நாளைக்குத் தருவார். அதை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் என் மகளுக்கு வந்த கதிதான் வரும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்வார்.

மற்றது பாதரசம். நிறமி உண்டாவதைத் தடுப்பதால் இதைக் கலக்கிறார்கள். அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நரம்பையும் பாதிக்கும். அது ஆவியாகிப் பரவவும் கூடும். துவாயில், தலையணையில் ஒட்டும். லயத்துக் காம்பராவில் ஒரே அறைக்குள்ளே தாய், பிள்ளை, பாட்டி எல்லோரும் படுக்கிறோம். ஒருத்தி பூசினால் பூசாத குழந்தைக்கும் அது போய்ச் சேரும். டப்பாவில் மெர்க்குரி, கலோமெல் என்று இருந்தால் தொடாதீர்கள். ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். நகையைக் கெடுக்கிற சாமான் முகத்தை மட்டும் விட்டுவைக்குமா?

ஜப்பானில் மினமாட்டா என்று ஓர் ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் கடல் மீனில் சேர்ந்து, மீன் சாப்பிட்ட குடும்பங்களை முடமாக்கியது. அந்த நோய் 1956ஆம் ஆண்டு வெளியே தெரிய வந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதரசம் கலந்த அழகுசாதனப் பொருட்களை 2025க்குள் முற்றாக ஒழிக்க வேண்டும் என்று 2023இல் அந்த நாடுகள் முடிவு செய்தன. சட்டம் வந்தாலும் கள்ளமாக வருகிற டப்பா வரும். கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டியது நாம்தான்.

வேறு இடத்தில் எப்படிச் செய்தார்கள்?

இந்த மாதிரிச் சஞ்சிகை உலகத்தில் புதிது இல்லை. அமெரிக்காவில் ‘வோக்’ என்ற பெரிய அழகுச் சஞ்சிகை 1892இல் தொடங்கியது. அதன் அமெரிக்கப் பதிப்பின் அட்டையில் முதல் முதலாக ஒரு கறுப்பினப் பெண்ணின் படம் வந்தது 1974 ஆகஸ்டில். பெவர்லி ஜோன்சன் என்பவரின் படம். 82 வருடம் ஆகியிருக்கிறது! அதுவரை காத்திருக்கக் கறுப்பின மக்கள் தயாராக இல்லை. 1970 மே மாதத்தில் ‘எசன்ஸ்’ என்று, கறுப்பினப் பெண்களுக்காகவே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார்கள். முதல் அட்டையில் சுருண்ட முடியைச் சுருண்டபடியே விட்ட ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டார்கள். அடுத்தவர் எப்போது இடம் தருவார் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், தங்கள் பக்கத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

‘போட்டோவுல முகம் தெரியாது’ என்று அந்தப் பிள்ளை சொன்னதே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பு கலர் போட்டோ கழுவுகிற இடங்களில் நிறம் சரியா என்று பார்க்க ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். கொடாக் கம்பனி கொடுத்த அந்தப் படத்துக்கு ‘ஷேர்லி’ அட்டை என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! கறுத்தவர் முகம் வெறும் கறுப்பாக, கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி விழுந்தது. வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த பள்ளிக்கூடப் போட்டோவைப் பார்த்துத் தாய்மார் முறையிட்டார்கள். ஆனால் சொக்லட் கம்பனிக்காரரும், மரத் தளபாடம் செய்கிறவர்களும் ‘எங்கள் சாமானின் கபில நிறம் சரியாக விழவில்லை’ என்று சொன்ன பிறகுதான், 1970களில் பிலிமைத் திருத்தும் வேலை வேகமாக நடந்தது என்று இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே, தங்கச்சி, பிழை உன் அம்மாவின் முகத்தில் இல்லை. யாருடைய முகத்தை அளவாக வைத்தார்கள் என்பதில்தான் பிழை.

நம்ம பக்கத்திலும் மாற்றம் வந்தது. 1975இல் இந்தியாவில் வந்த ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ கிரீமின் பெயரை, பல நாடுகளில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். பெயரை அவர்கள் மாற்றலாம். பேச்சை நாம்தான் மாற்ற வேண்டும்.

நம்ம சஞ்சிகை எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, அட்டை. தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்திருக்கிறீர்கள். ரோட்டில் வாகனத்தை நிறுத்தி நம்மைப் படம் எடுத்துப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறீர்கள். அதில் நம்மிடம் கேட்டு எடுத்தது எத்தனை, நம் பெயரைப் போட்டது எத்தனை? நம்ம அட்டையில் நம்ம தோட்டத்து முகம் வர வேண்டும். கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரோடு போட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தக் கூடாது.

இரண்டாவது, படம் எடுக்கிற விதம். போனில் ‘பியூட்டி’ என்று இருப்பதை நிறுத்துங்கள். அது தானாக முகத்தை வெளுக்க வைக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னாலும் வெளிச்சமான வானத்துக்கு முன்னாலும் நிறுத்தாதீர்கள், முகம் இருண்டு போகும். உச்சி வெயில் வேண்டாம். காலையிலோ பின்னேரத்திலோ, மரநிழலில், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். போன் திரையில் முகத்தின் மேல் விரலை வையுங்கள், வெளிச்சம் முகத்துக்கு ஏற்ற மாதிரி மாறும். போட்டோக் கொப்பி எடுக்கும்போது கறுத்த முகம் ஒரே மையாக அப்பிக்கொள்ளும். ஆகவே முதலில் ஒரு பிரதி மட்டும் எடுத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் நல்லா வரைகிற பிள்ளையைக் கொண்டு கோட்டோவியமாக வரைந்து போடலாம்.

மூன்றாவது, அளவு. ஏ4 தாள் நாலை நடுவில் மடித்தால் 16 பக்கம். முதல் இதழுக்கு அது போதும். எப்போதும் நாலால் வகுபடுகிற பக்கமாகத் திட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் மிஞ்சும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத ஆத்தாமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிற மாதிரிச் சின்ன வசனமாக எழுதுங்கள்.

நான்காவது, உள்ளே யார் யார் வர வேண்டும்? வாலிபப் பெண்கள் மட்டும் போதாது. கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மார், சுருக்கம் விழுந்த அப்பத்தாமார், அட்டை கடித்த தழும்புள்ள கால், அடுப்பு நெருப்பில் சுட்ட கை, பரு வந்த பிள்ளை, எல்லோரும் வரட்டும். வெண்புள்ளி உள்ளவர்களும் வரட்டும். அது தொற்றுகிற வியாதி இல்லை, குஷ்டமும் இல்லை. தோலில் நிறமி செய்கிற செல்கள் இல்லாமல் போவதால் வருவது. அதைச் சொல்லி ஒருத்தரையும் ஒதுக்காதீர்கள். அதே நேரம், வெளிறிய திட்டு வந்து அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியாவிட்டால், உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும். குஷ்டமாக இருந்தாலும் மாத்திரையில் குணமாகும், மருந்து இலவசம். இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

ஐந்தாவது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். பிள்ளைக் காம்பராவில் நான் வேலை செய்த காலத்தில், ‘அம்மாவை வரை’ என்று சொன்னால் பிள்ளைகள் ரோஸ் நிறப் பெஸ்டலைத் தேடுவார்கள். ‘டீச்சர், தோல் கலர் எங்க?’ என்று கேட்பார்கள். ரோஸ் நிறத்துக்குப் பெயர் தோல் கலர்! நாலு வயதுப் பிள்ளை. நான் கபில நிறத்தை எடுத்துக் கையோடு கை வைத்துப் பார்க்கச் சொல்வேன். வெளியில் அதைச் சொல்லிக் கொடுத்த நானேதான் வீட்டில் மகளுக்கு டப்பா வாங்கிக் கொடுத்தேன். அறிவு ஒரு பக்கம், ஊர் வாய்க்குப் பயம் ஒரு பக்கம்.

ஆறாவது, காசுக்காக வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரம் வாங்காதீர்கள். ஒரு பக்கத்தில் இயற்கை அழகு என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் டப்பாவை விற்றால் யார் நம்புவார்கள்?

கடைசியாக, சொல். தலைப்பில் உள்ள ‘இருந்தாலும்’ என்பதை வெட்டிவிடுங்கள். ‘கறுப்பு, மாநிறம், சிவப்பு’ என்று நிறத்தைச் சொல்லலாம், அதில் குற்றம் இல்லை. அதோடு ஒரு மன்னிப்பைச் சேர்க்காதீர்கள்.

தாய்மார்களே, இந்த மண்ணில் நம்ம மீனாட்சியம்மை தொழிலாளியின் கஷ்டத்தைப் பாட்டாக்கி, அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகப் பரப்பினார். நம்ம கதையை நாமே அச்சில் போடுவது நமக்குப் பழகிய வேலைதான். சம்பள நாளில் ஆளுக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்தால் முதல் இதழுக்குக் கடதாசிச் செலவு வந்துவிடும். நான் என் பங்கை இன்றைக்கே தருகிறேன்.

நேற்று இரவு என் மகளிடம் இந்தச் சஞ்சிகையைப் பற்றிச் சொன்னேன். ‘நான் வாங்கிக் கொடுத்ததுதானே உனக்கு இந்த நிலைமை’ என்று மன்னிப்பும் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘நடந்ததை நானே எழுதித் தாறேன் அம்மா. படம் மட்டும் இப்ப வேணாம், அடுத்த இதழுக்குப் பாப்போம்’ என்றாள்.

பிள்ளைகளே, அடுத்த இதழும் வர வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.